பாத்திக்கு எத்தனை அடி, பாதைக்கு எத்தனை அடி?

கேள்வி:

"எங்களுக்குக் கிணற்றுப் பாசனத்தோடு 25 சென்ட் நிலம் இருக்கிறது. மணல் கலந்த செம்மண். இதுவரை கடலையும் சின்ன வெங்காயமும் போட்டு வந்தோம். இனி கீரை, வெண்டை, கத்திரி, மிளகாய் என்று கலந்து போட்டு உழவர் சந்தையில் நேரடியாக விற்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். சொட்டுநீர் அமைக்க அடுத்த வாரம் அளவெடுக்க வருகிறார்கள். பாத்தி 5 அடி, நடைபாதை 1 அடி போதும், பாதைக்கு விடுகிற இடமெல்லாம் வீண் என்கிறார் என் கணவர். களையெடுப்பதும் பறிப்பதும் நானும் என் மாமியாரும்தான். எனக்கு ஏற்கெனவே குறுக்கு வலி. பாத்தி 3 அடி இருக்கட்டும், பாதையைக் கொஞ்சம் தாராளமாக விடலாம் என்றால், 'நிலம் போய்விடும்' என்கிறார். எது சரி?"

- ஒரு வாசகி, தென்காசி மாவட்டம்.

பதில்:

கணவர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. இருப்பதே 25 சென்ட். அதில் ஒவ்வோர் அடியும் காசு. ஆனால், பாதைக்கு விட்ட இடத்தைக் கணக்கெடுக்கிறவர்கள், பாத்திக்குள்ளேயே வீணாகிற இடத்தைக் கணக்கெடுப்பதில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

நிலத்தின் கணக்கு

ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. 25 சென்ட் என்றால் 10,890 சதுர அடி. கணக்குக்காக, நிலம் 66 அடி அகலம், 165 அடி நீளம் என்று வைத்துக்கொள்ளலாம். சுற்றிலும் நடக்கவும் எரு கொண்டுவரவும் 3 அடி விட்டால், உள்ளே 60 அடிக்கு 159 அடி கிடைக்கும். பாத்திகள் 60 அடி நீளத்துக்குக் குறுக்குவாட்டில் அமைகின்றன.

கணவர் சொல்கிறபடி 5 அடி பாத்தி, 1 அடி பாதை என்றால் 26 பாத்திகள் அமையும். பயிர் நிற்கும் பரப்பு 7,800 சதுர அடி. வாசகி சொல்கிறபடி 3 அடி பாத்தி, ஒன்றரை அடி பாதை என்றால் 35 பாத்திகள். பயிர் நிற்கும் பரப்பு 6,300 சதுர அடி. வித்தியாசம் 1,500 சதுர அடி. அதாவது, கிட்டத்தட்ட மூன்றரை சென்ட். 25 சென்டில் மூன்றரை சென்ட் என்பது சின்ன விஷயம் இல்லை. கணவரின் கவலை இதுதான்.

கை எட்டும் தூரம்

இப்போது இன்னொரு கணக்கு. பாத்தி ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, களைக்கொத்தோடு கையை நீட்டினால், முதுகை இழுக்காமல் எட்டுகிற தூரம் ஒன்றரை அடியிலிருந்து 2 அடி வரைதான். அதற்கு மேல் எட்ட வேண்டுமானால் ஒரு கையை மண்ணில் ஊன்ற வேண்டும், அல்லது இடுப்பை உயர்த்தி முன்னே சாய வேண்டும். ஒரு தடவை செய்தால் ஒன்றும் தெரியாது. ஒரு காலைப் பொழுதில் நூறு தடவை செய்தால் குறுக்கு பிடித்துக்கொள்ளும்.

5 அடி பாத்தியில் இரண்டு பக்கமிருந்தும் 2 அடி எட்டினாலும், நடுவே 1 அடி எட்டாமல் நிற்கும். 60 அடி நீளத்தில் 26 பாத்திகளுக்கு அந்த நடுப்பட்டையைக் கணக்கிட்டால் 1,560 சதுர அடி. பாதையைக் குறுக்கி மிச்சம் பிடித்த 1,500 சதுர அடியும் பாத்தி நடுவே போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒன்றரை அடிதான் எட்டுகிறது என்றால், எட்டாத இடம் இரண்டு மடங்காகிவிடும்.

எட்டாத இடத்தில் பயிர் முளைக்காமல் போவதில்லை. முளைக்கும். ஆனால், அங்கே களை தப்பிப் பிழைத்து விதை உதிர்க்கும். வெண்டையில் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். நடு வரிசையில் இலை மறைவில் தப்பிய காய் இரண்டே நாளில் முற்றி நாராகிவிடும். அதை உழவர் சந்தையில் யாரும் வாங்க மாட்டார்கள். முற்றிய காய் செடியிலேயே நின்றால் அடுத்த பூவும் காயும் குறையும்.

இல்லையென்றால், வேலை செய்கிறவர் பாத்திக்குள் காலை வைப்பார். அங்கேதான் பெரிய நட்டம். தொழு உரம் போட்டு, கொத்திப் பொலபொலவென்று ஆக்கிய மண், தண்ணீர் பாய்ந்த ஈரத்தில் மிதிபட்டால் இறுகிவிடும். இறுகிய மண்ணில் வேர் இறங்காது. காற்றும் தண்ணீரும் சரியாகப் போகாது. மண்ணை இளக்கச் செலவழித்த உழைப்பைக் கால் திரும்ப எடுத்துக்கொள்ளும். மேட்டுப்பாத்தியின் முதல் விதியே, நடக்கிற இடத்தில் நடக்க வேண்டும், விளைகிற இடத்தில் மிதிக்கக் கூடாது என்பதுதான். பாத்தியின் அகலம் அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

அளக்க வேண்டியது யாரை?

இதற்கு நாடாவைவிட ஆள்தான் முக்கியம். களையெடுப்பதும் பறிப்பதும் யாரோ, அவருடைய கைக்குத்தான் பாத்தி. இந்த வீட்டில் வாசகியும் மாமியாரும். இருவரில் கை எட்டம் குறைந்தவரை வைத்து அளப்பது நல்லது.

தரையில் ஒரு கயிற்றை நேராகக் கட்டி, அதுதான் பாத்தி ஓரம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். கயிற்றுக்கு வெளியே வழக்கமாக உட்காருகிறபடி உட்கார்ந்து, வழக்கமாகப் பிடிக்கிற களைக்கொத்தைப் பிடித்து, கையை ஊன்றாமல் கொத்திப் பார்க்க வேண்டும். சுலபமாக எட்டுகிற இடத்தில் ஒரு குச்சியை நட வேண்டும். கயிற்றிலிருந்து குச்சி வரை எவ்வளவோ, அதன் இரண்டு மடங்கு பாத்தியின் அகலம். காலையில் ஒரு தடவையும், வேலையெல்லாம் முடிந்து களைத்திருக்கும் மாலையில் ஒரு தடவையும் அளந்தால் இன்னும் சரியாக இருக்கும். மாலை அளவையே எடுத்துக்கொள்ளலாம்.

பெரும்பாலான வீடுகளில் இது 3 அடியை ஒட்டி வரும். உயரமான, கை நீண்ட ஆட்களுக்கு மூன்றரை, 4 அடி வரை போகலாம். வேலி ஓரமாக ஒரு பக்கமிருந்து மட்டுமே எட்டக்கூடிய பாத்தி என்றால், இதில் பாதி அகலம்தான் வைக்க வேண்டும். இந்த அளவெல்லாம் பாத்தியின் மேல்பரப்புக்கு. மேட்டுப்பாத்தியின் ஓரம் சரிவாக இறங்குவதால், அடியில் 3 அடி வைத்தால் மேலே இரண்டரை அடிதான் மிஞ்சும்.

பாதைக்கு ஏன் ஒரு முழம்?

1 அடி பாதையில் நடந்து போய்விடலாம். ஆனால், தோட்டத்தில் நடப்பது கொஞ்ச நேரம், உட்கார்ந்திருப்பதுதான் அதிக நேரம். பாத்தியைப் பார்த்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால், முன்னே முழங்காலும் பின்னே உடம்பும் சேர்த்து ஒரு முழம், அதாவது ஒன்றரை அடியாவது வேண்டும். 1 அடியில் உட்கார்ந்தால் பின்பக்கப் பாத்தியின் செடி ஒடியும். தக்காளி கிரேடைக் குறுக்காகத் தூக்கிப் போகவும் ஏறக்குறைய ஒன்றேகால் அடி தேவை. கூடையை வைத்துவிட்டு அதைத் தாண்டிப் போக வேண்டுமென்றால், ஒன்றரை அடியிலேயே நெருக்கம்தான்.

பாதைக்கு இன்னொரு வேலையும் உண்டு. பாத்தியை உயர்த்தும் மண் பாதையிலிருந்துதான் வருகிறது. 3 அடி பாத்திக்கு ஒன்றரை அடி பாதையில் 4 அங்குலம் தோண்டிப் போட்டால் பாத்தி 2 அங்குலம் உயரும். இரண்டுக்கும் 6 அங்குல வித்தியாசம் கிடைத்துவிடும். 5 அடி பாத்திக்கு 1 அடி பாதையிலிருந்து அதே உயரம் வேண்டுமென்றால் 5 அங்குலம் தோண்ட வேண்டும். அது பாதையாக இருக்காது, ஒடுங்கிய வாய்க்காலாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்த வாய்க்காலுக்குள் கூடையைச் சுமந்து நடப்பது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு முழம் பாத்தி, ஒரு முழம் பாதை. மொத்தம் மூன்று முழம், நாலரை அடி. நினைவில் வைக்கவும் சுலபம், முளைக்குச்சி அடிக்கவும் சுலபம்.

பாதை அகலமானால் அங்கேயும் களை வரும் என்பது உண்மைதான். இந்தக் கணக்கில் பாத்திகளுக்கு இடையே மட்டும் சுமார் 3,000 சதுர அடி பாதை இருக்கும். வெறும் மண்ணாக விட்டால் அருகும் கோரையும் அங்கிருந்து பாத்திக்குள் ஏறும். கடலைத் தோல், கரும்புச் சோகை, தென்னை ஓலை, வைக்கோல் என எது கைக்குக் கிடைக்கிறதோ அதைப் பாதையில் மூடாக்காகப் போடலாம். ஓராண்டில் அது மக்கியதும் வாரிப் பாத்தியில் போட்டுவிட்டு, பாதைக்குப் புதிதாகப் போடலாம். கடலை போட்டு வந்த வீட்டில் தோலுக்குப் பஞ்சம் இருக்காது.

மற்றவர்கள் என்ன அகலம் வைக்கிறார்கள்?

இந்த அளவுகளில் உலகம் முழுக்க ஒரே முடிவு இல்லை. கனடாவில் ஒன்றரை ஏக்கரில் காய்கறி பயிரிட்டுப் பெயர் பெற்ற ஜான் மார்ட்டின் ஃபோர்ட்டியர், இரண்டரை அடி பாத்தியும் ஒன்றரை அடி பாதையும் வைக்கிறார். அமெரிக்காவில் ஜான் ஜெவன்ஸ் 1974-ல் வெளியிட்ட தன் நூலில் 5 அடி அகலப் பாத்தியைச் சொன்னார். இரண்டு பேரும் தவறு செய்யவில்லை. ஃபோர்ட்டியரின் விதைக் கருவி, மண் கிளறும் கருவி, மூடுதுணி எல்லாம் அந்த இரண்டரை அடிக்கென்றே பொருந்தியவை. ஒரே எட்டில் பாத்தியைத் தாண்டியும் விடலாம். ஜெவன்ஸ் முறையில் பாத்திக்குள் இறங்க வேண்டி வந்தால் மண்ணின் மேல் பலகை போட்டு, அதன் மேல் நின்று, பாரத்தைப் பரப்பிவிடுகிறார்கள்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், சொட்டுநீரில் தக்காளி, மிளகாய் போன்ற பயிர்களுக்கு 120 செ.மீ. அகலப் பாத்தியும் 30 செ.மீ. இடைவெளியும் பரிந்துரைக்கிறது. அதாவது 4 அடிக்கு 1 அடி. ஒரே பயிரை நிலம் முழுக்க வரிசையில் நட்டு, செடிகளை ஓரத்துப் பக்கமாகவே வைக்கிற வயலுக்கு அது பொருந்தும். கீரையை அடர்த்தியாக விதைத்து, பாத்தியின் ஒவ்வொரு சாண் இடத்தையும் கையால் தொட வேண்டிய கலப்புத் தோட்டத்துக்கு 4 அடி கொஞ்சம் அதிகம்தான்.

பவர் வீடர் வைத்திருக்கிறவர்களுக்குக் கணக்கு வேறு. பாதையில் அதை ஓட்டப் போகிறார்கள் என்றால், கத்தி சுழலும் அகலத்தை அளந்து, இரண்டு பக்கமும் ஒரு கையகலம் கூட்டிப் பாதை விட வேண்டும். வாங்கிய பிறகு பாதையை அகலப்படுத்துவதைவிட, முன்பே முடிவு செய்வது நல்லது.

எந்தப் பயிருக்கு எப்படி?

எல்லாப் பாத்தியும் ஒரே அகலமாக இருப்பதுதான் வசதி. இன்று கீரை நிற்கிற பாத்தியில் நாளை மிளகாய் வரும். அகலம் ஒன்றாக இருந்தால் குழாய், மூடாக்குத் தாள், நிழல்வலை எதையும் இடம் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். பயிருக்கு ஏற்ப வரிசையை மட்டும் மாற்றினால் போதும்.

3 அடி பாத்தியில் சிறுகீரை, அரைக்கீரை, பாலக் ஆகியவற்றை அடிக்கு ஒரு வரிசை வீதம் 3 வரிசையாகக் கோடு போட்டு விதைக்கலாம். தூவி விதைப்பதைவிடக் களையெடுக்க லேசு. முள்ளங்கிக்கும் இதே 3 வரிசை. வெண்டை, மிளகாய் இரண்டு வரிசை. கத்திரி பக்கவாட்டில் படர்கிற செடி. இரண்டு வரிசை நட்டால் கிளைகள் பாதைக்கு வந்து, ஒன்றரை அடி பாதை முக்கால் அடியாகிவிடும். கத்திரியை நடுவில் ஒற்றை வரிசையாக நட்டு, செடி வளரும் வரை ஓரத்தில் கீரையோ கொத்தமல்லியோ போட்டு எடுத்துவிடலாம். புடலை, பாகல், பீர்க்கனுக்கு இந்த அளவு பொருந்தாது. அவற்றுக்குப் பந்தல் தனியாக ஒரு கடைசியில் இருக்கட்டும்.

சொட்டுநீர்க் குழாய்

அளவெடுக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, பக்கவாட்டுக் குழாய்களுக்கு இடையே எத்தனை அடி என்பதுதான். அதற்கு விடை, ஒரு பாத்தியின் நடுவிலிருந்து அடுத்த பாத்தியின் நடு வரை உள்ள தூரம். இந்த அமைப்பில் நாலரை அடி. குழாய் பதித்தபின் இதை மாற்றுவது கடினம். சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீருக்கு முழு மானியம் கிடைக்கிறது என்பதால் 'வந்த அளவில் போட்டுவிட்டுப் போகட்டும்' என்று விட்டுவிடக் கூடாது. காசு போகாவிட்டாலும் இடுப்பு போகும்.

மண்ணையும் சொல்ல வேண்டும். களிமண்ணில் சொட்டும் தண்ணீர் பக்கவாட்டில் நன்றாகப் பரவும். மணல் கலந்த மண்ணில் நேராகக் கீழே இறங்கும். நனையும் வட்டம் சிறியது. வாசகியின் நிலத்தில் மிளகாய், கத்திரிக்கு 3 அடி பாத்தியின் நடுவே ஒரு குழாய் போதலாம். ஆனால் 3 வரிசைக் கீரைக்கு ஓரம் காயும். கீரை வரும் பாத்திகளுக்கு இரண்டு குழாய் கேட்பது நல்லது, அல்லது அந்தப் பகுதிக்கு மட்டும் மழைத்தூவான் குழாய் வைக்கலாம். 5 அடி பாத்திக்கோ இந்த மண்ணில் எந்தப் பயிருக்கும் இரண்டு குழாயாவது வேண்டும். அங்கும் மிச்சம் ஒன்றும் இல்லை.

ஒரு குழாயைத் தரையில் போட்டு, இரண்டு மணி நேரம் தண்ணீர் விட்டு, மண்ணைக் கொத்தி, ஈரம் எவ்வளவு அகலம் போயிருக்கிறது என்று பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அடுத்த வாரத்துக்குள் செய்யக்கூடியது

இந்த வாரமே நிலத்தின் ஒரு மூலையில் 10 அடி நீளத்துக்கு இரண்டு மாதிரிகளைக் கயிறு கட்டி, மேல்மண்ணை மட்டும் ஒதுக்கிப் பார்க்கலாம். ஒன்று 5 அடிக்கு 1 அடி, இன்னொன்று 3 அடிக்கு ஒன்றரை அடி. அரை மணி நேரம் இரண்டிலும் உட்கார்ந்து, நடுப்பகுதி வரை களை கொத்திப் பார்க்கட்டும். வாசகியும் மாமியாரும் மட்டும் அல்ல, கணவரும் உட்கார வேண்டும். நாடா போட்டு நிலத்தை அளந்தவர் ஒரு தடவை கை நீட்டிப் பார்த்துவிட்டால், வீட்டில் பேச்சு சுலபமாக முடியும்.

போய்விட்ட மூன்றரை சென்டை நினைத்து அவர் வருந்தத் தேவையில்லை. எருவும் தண்ணீரும் உழைப்பும் 6,300 சதுர அடியில் மட்டும் விழும். எட்டாத மூலை இல்லாத, மிதிபடாத 6,300 சதுர அடி. அதுதான் அவர்களுடைய உண்மையான விளைநிலம்.

இன்னொரு கேள்வி:

"நான் ஏற்கெனவே 4 அடி பாத்தி, 1 அடி பாதை போட்டு, குழாயும் பதித்துவிட்டேன். தக்காளி காய்ப்பில் இருக்கிறது. பறிக்கச் சிரமமாக இருக்கிறது. எல்லாவற்றையும் பிரித்துப் போட வேண்டுமா?"

- ஒரு வாசகர், ஓசூர்.

பதில்:

பிரிக்க வேண்டியதில்லை. காய்ப்பில் இருக்கிற பயிரைத் தொடவும் வேண்டாம். இப்போதைக்குக் குச்சி ஊன்றி, பாதைப் பக்கம் சாய்கிற கிளைகளைத் தூக்கிக் கட்டினாலே பாதை கொஞ்சம் திறக்கும்.

அறுவடை முடிந்ததும் பாத்தியின் இரண்டு ஓரத்திலும் 3 அங்குலம் மண்ணை வெட்டிப் பாத்தியின் மேலேயே போட்டுவிடலாம். பாத்தி மூன்றரை அடியாகவும், பாதை ஒன்றரை அடியாகவும் மாறிவிடும். இரண்டையும் சேர்த்தால் அதே 5 அடிதான். பாத்தியின் நடு நகரவில்லை என்பதால் குழாயை அசைக்க வேண்டியதில்லை. பாத்தி கொஞ்சம் உயர்வதால் மழைக்காலத்தில் தண்ணீரும் வடியும்.

அடுத்த பயிர் வைக்கும்போது, அடிக்கடி பறிக்க வேண்டியதை ஓரத்திலும், ஒரே தடவையில் பிடுங்குகிற வெங்காயம், முள்ளங்கி போன்றவற்றை நடுவிலும் வைத்தால், நடுவே கை நீட்ட வேண்டிய வேலை பாதியாகக் குறையும்.